மே நாளும் உப்பளத்துச் சம்பளக் கணக்கும்
(மே தின முன்னிரவுப் பொதுக்கூட்டம், தூத்துக்குடி. உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே பாதிக் கூட்டத்தை நடத்தி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, தொழிலாளர் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, நம் அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர் ஐயா அவர்களே, துறைமுகத் தோழர்களே, ஆட்டோ நிலையத்துத் தம்பிமார்களே, அளத்து வேலை முடித்துக் குளித்த கையோடு வந்திருக்கும் அக்கா தங்கைமார்களே, வணக்கம். மேடைக்கு மின்இணைப்புக் கொடுத்த பக்கத்துக் கடைக்காரருக்கும், பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று இரண்டு முறை அன்போடு நினைவூட்டிய காவல்துறை நண்பர்களுக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். சால்வைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். மே நாள் எப்படி வந்தது என்பது ஒன்று. அதை எப்படிக் கொண்டாடுவது என்பது இரண்டு. உப்பளத்தில் பெண்களின் கண்ணுக்கும் காலுக்கும் வரும் கேடு மூன்று. இந்த மூன்றுக்கும் ஊடே ஒரே பழமொழிதான் ஓடப்போகிறது: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சிகாகோவை எல்லோரும் சொல்வார்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலை என்று அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1884-லேயே தீர்மானம் போட்டது. அந்த நாள் வந்தது, வேலைநிறுத்தம் நடந்தது. மே 3-இல் மெக்கார்மிக் ஆலை வாயிலில் துப்பாக்கிச் சூடு. மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கண்டனக் கூட்டம், யாரோ வீசிய வெடிகுண்டு. வீசியவர் யார் என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் எட்டுப் பேருக்குத் தண்டனை. 1887 நவம்பர் 11-இல் பார்சன்ஸ், ஸ்பைஸ், எங்கல், பிஷர் நால்வரும் தூக்கில் ஏறினார்கள். 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட், அந்த விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று எழுதி, சிறையில் மிச்சமிருந்த மூவரையும் விடுவித்தார். 1889-இல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாடு மே 1-ஐ உலகத் தொழிலாளர் நாளாக்கியது. அமெரிக்காவோ செப்டம்பர் மாத முதல் திங்கட்கிழமையைத் தன் தொழிலாளர் நாளாக வைத்துக்கொண்டது. மே நாள் பிறந்த ஊரில் அரசு விடுமுறை வேறு நாளில்!

நம் ஊருக்கு வருவோம். இங்கே கைதட்டல் வரும் என்று தெரியும், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

1908 பிப்ரவரி 27. ஹார்வி கம்பெனியின் கோரல் மில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. பின்னால் நின்றவர் வ.உ.சி. பக்கத்தில் சுப்பிரமணிய சிவா. கேட்டது என்ன? கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, மற்ற விடுப்பு வசதிகள். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஆலைகளில் வார விடுமுறை உண்டு என்று 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. சட்டம் வந்து பதினேழு ஆண்டு கழித்து, அந்தச் சட்டத்தில் இருப்பதைக் கேட்டுத் தூத்துக்குடிக்காரன் அடுப்பை அணைத்துப் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் சும்மாவா சொன்னேன்?

ஊர் என்ன செய்தது? வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்தது. வேலை இழந்தவனுக்கு வேறு வேலை தேடிக் கொடுத்தது. வ.உ.சி. தன் கைப்பணத்தையும் இறக்கினார். அப்போது நடந்ததாக ஒரு கதை. பல வாயில் பல விதமாக வரும். ஆலைப் பக்கம் பேசிவந்த ஒரு வழக்கறிஞர் சவரத்துக்கு உட்கார்ந்தார். நாவிதர் பாதி முகத்தை மழித்தார். கத்தியை நிறுத்திக் கேட்டார்: “ஐயா, நீங்க பிள்ளைவாளுக்கு எதிராப் பேசுறதாச் சொல்றாங்களே, நெசந்தானா?” வழக்கறிஞருக்குக் கோபம். “அதெல்லாம் உனக்கெதற்கு? உன் வேலையைப் பார்!” நாவிதர் கத்தியைத் துடைத்தார், பெட்டியை மூடினார், எழுந்தார். “மிச்சத்தை மழிக்கிறதும் எனக்கெதுக்கு ஐயா” என்று போய்விட்டார். பாதி முகத்தில் தாடி, பாதி முகம் பளபளப்பு. வேறொரு நாவிதர் வரவில்லை. இன்னொருவரும் வரவில்லை. கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்த்தான் மீதியை முடித்தார் என்பார்கள். அந்த ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவன் என்ன நினைத்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்!

ஒன்பது நாளில் ஆலை இறங்கி வந்தது. கூலி கூடியது, நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். அதற்குப் பிந்திய செக்கும் சிறையும் நீங்கள் அறிந்ததே.

பதினைந்து ஆண்டு கழித்து, 1923 மே 1. சென்னையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுமாக இரண்டு கூட்டங்கள். நடத்தியவர் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. இந்தியாவின் முதல் மே நாள் அதுதான். அன்று போட்ட தீர்மானங்களில் ஒன்று, மே 1-ஐ அரசு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது. அது சம்பளத்தோடு கூடிய விடுமுறையாகத் தமிழ்நாட்டில் சட்டத்தில் ஏறியது 1969-இல், கலைஞர் ஆட்சியில். நாற்பத்தாறு ஆண்டு! 1990-இல் சிந்தாதிரிப்பேட்டை நேப்பியர் பூங்கா மே தினப் பூங்கா ஆனது. அதே பூங்காவில்தான் 2023 மே 1-இல், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அது ஏப்ரல் 21-இல் பேரவையில் நிறைவேறியது. பத்தே நாளில் போனது. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒன்றாக நின்றதால் போனது.

இரண்டாவது செய்தி, கொண்டாட்டம். நாளைக் காலை கொடியேற்றும் தம்பிகள் கவனியுங்கள். போன ஆண்டு இரண்டு இடத்தில் கொடி விரியாமல் தொங்கியது, எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் உப்புக்காற்றில் கம்பத்து உச்சிக் கப்பி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துவிடும். இன்றிரவே இறக்கி எண்ணெய் விட்டுச் சுற்றிப் பாருங்கள். கொடியை நீளவாக்கில் நாலாக மடித்து, உள்ளே பூ வைத்துச் சுருட்டி, ஒரே ஒரு உருவு முடிச்சுப் போடுங்கள். அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து இரண்டாவது முடிச்சுப் போடுவதுதான் எல்லாக் கோளாறுக்கும் காரணம். ஈரப் பூ வேண்டாம், துணியோடு ஒட்டிக்கொள்ளும். மேல்பக்கம் எது என்று சுருட்டும் முன்பே பாருங்கள். உச்சிக்குப் போன பிறகு பார்த்துப் பயனில்லை. ஏற்றுபவர் நம் மூத்த தோழர். கயிற்றில் எந்தப் பக்கத்தை இழுக்க வேண்டும் என்று அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வாயிற்கூட்டம் காலை ஷிப்ட் உள்ளே போகுமுன் கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். மிட்டாய் முதலில், பேச்சு பிறகு என்று வைத்தால் கூட்டம் கலைந்துவிடும்.

ஆனால் நாளை அந்த வாயிலில் யார் நிற்பார்கள்? துறைமுகத்துக்காரர் நிற்பார், மின்வாரியத்துக்காரர் நிற்பார். அளத்துக்காரர் நிற்க மாட்டார். விடியுமுன் பாத்தியில் இறங்கியிருப்பார். ஏனென்றால் மே மாதம் உப்பு விளைச்சலின் உச்சம். இன்று நான் பேச வந்தது இதற்காகத்தான்.

முதலாளிமார் சொல்லும் காரணம் என்ன? “உப்பு ஆளுக்காகக் காத்திருக்காது.” அதில் பாதி உண்மை. நீரின் உப்புச் செறிவைப் போமே டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் வரும். நீரைத் தேக்கிக் காயவைக்கும் தெப்பங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய், டிகிரி ஏறி இருபத்தைந்தை எட்டும்போது பாத்தியில் உப்பு உறையும். இருபத்தொன்பதைத் தாண்ட விட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும், ஈரம் இழுக்கும், விலை போகாது. அதனால் நீரை மாற்றவும் வாரவும் நேரம் தவறக்கூடாது, சரி. ஆனால் எல்லாப் பாத்தியும் ஒரே நாளில் இருபத்தொன்பதைத் தொடுவதில்லையே! நீர் விட்ட நாள் பாத்திக்குப் பாத்தி மாறும். பாதிப் பேருக்கு மே 1, மீதிப் பேருக்கு வேறொரு நாள் என்று முறை வைத்தால் ஒரு கூடை உப்பும் கெடாது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், 1958, இதைத்தான் சொல்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகை விடுமுறை ஐந்தும் சம்பளத்தோடு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பள விடுப்பும். இரண்டில் எது வேண்டும் என்பது தொழிலாளியின் விருப்பம், கணக்கப்பிள்ளையின் விருப்பம் அல்ல. தினக்கூலி அறுநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 1-இல் இறங்கினால் ஆயிரத்து இருநூறு வர வேண்டும். இல்லையென்றால் அறுநூறு வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் வீட்டிலிருந்தபடி இன்னொரு அறுநூறு. டீயும் வடையும் கொடுத்து “மே தினம்” என்று முடிப்பது இரண்டிலும் சேராது.

“அளம் என்ன தொழிற்சாலையா?” என்று கேட்பார்கள். ஆம் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பம்பாய் வடாலா உப்பளம் பற்றிய வழக்கு அது. கூரை இல்லாத வெட்டவெளியானாலும் கடல்நீரை உப்பாக்குவது உற்பத்தி வேலைதான் என்பது தீர்ப்பு. அப்புறமும் ஏன் கிடைக்கவில்லை? ஏட்டுச் சுரைக்காய்! மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கிய மத்திய அரசின் புதிய தொகுப்புச் சட்டம் அதை இருபது, நாற்பது என்று உயர்த்திவிட்டது. ஒரே அளத்தை மூன்று பேர் பெயரில் பிரித்து எழுதினால் ஆள் கணக்கு எல்லைக்குக் கீழே போய்விடும். பதிவேட்டில் பெயர் இருக்காது, ஆள் கூட்டிவரும் ஒப்பந்தக்காரரான கங்காணியின் பாக்கெட் நோட்டில் மட்டும் இருக்கும்.

ஆகவே கோரிக்கை இரண்டு. ஆள் கணக்கு எத்தனையானாலும் எல்லா உப்பளங்களுக்கும் மே 1 பொருந்தும் என்று மாநில அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். மழைக்கால மூன்று மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தரும் அரசுக்கு அளத்துத் தொழிலாளி யார் என்று தெரியும், பட்டியலும் கையில் இருக்கிறது. அடுத்தது, கங்காணி கொடுக்காவிட்டால் அள முதலாளியே கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

அதுவரை அக்காமார்கள் ஒன்று செய்யுங்கள். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் தேதி, அளத்தின் பெயர், என்ன வேலை, வாங்கிய கூலி நான்கையும் அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பாத்திக்காரர் இருவர் வாரம் ஒரு முறை அதில் கையெழுத்துப் போடட்டும். நலவாரிய அட்டை நீங்கள் உப்பளத் தொழிலாளி என்று காட்டும். எந்த அளம் என்று காட்டாது. சம்பளம் கேட்டுப் போடும் மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மொத்தமாக எழுதிய நோட்டு வேண்டாம். ஒரே மையில் ஒரே நாளில் எழுதியது பார்த்ததும் தெரியும்.

கண், கால் பற்றிய மூன்றாவது செய்திக்குத் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், மணி ஒன்பதே முக்கால். அதை டாக்டரம்மா அடுத்த கூட்டத்தில் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் சொன்ன இரண்டு கோரிக்கைக்கான மனுப் படிவம் மேடையின் வலப்பக்க மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மை தயார். முதல் கையெழுத்தை மாமன்ற உறுப்பினர் அவர்கள் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. அடுத்துப் பேசவிருக்கும் தோழருக்கு மீதி நேரத்தைக் கொடுத்து அமர்கிறேன். வணக்கம்.