ஆண்டுக்கு எட்டு மணி நேரம்: நார்வேயில் அரசு வளர்க்கும் குழந்தையும் பெற்றவளின் சந்திப்பு உரிமையும்

[திரையில்: 4 × 2 = 8]

ஆண்டுக்கு நான்கு சந்திப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். பெற்ற மகனைப் பார்ப்பதற்கு ஒரு தாய்க்கு நார்வேயின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 ஏப்ரலில் வகுத்துக் கொடுத்த அளவு இது. குழந்தையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாமா என்பதைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் வழக்கின் முடிவைப் பல நேரங்களில் தீர்மானிப்பது இந்தச் சிறிய கணக்குதான்.

[திரையில்: 2008 – 2012]

மகன் 2008 செப்டம்பரில் பிறந்தான். தாய் தாமாகவே ஒப்புக்கொண்டு, குழந்தை வளர்ப்புத் திறனை மதிப்பிடும் ஒரு காப்பகத்தில் தங்கியிருந்தார். குழந்தைக்குத் தேவையான கவனிப்பு கிடைக்கவில்லை என்று அங்குள்ள பணியாளர்கள் கவலை தெரிவித்ததால், மூன்று வாரக் குழந்தை அவசர நடவடிக்கையாக வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2009இல் கீழ் நீதிமன்றம் குழந்தையைத் தாயிடமே திருப்பித் தரலாம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2011 டிசம்பரில், இத்தகைய விவகாரங்களைத் தீர்மானிக்கும் மாகாண வாரியம் தாயின் பெற்றோர் உரிமையை நீக்கி, வளர்ப்புப் பெற்றோரே மகனைத் தத்தெடுக்க அனுமதி அளித்தது. மேல்முறையீடுகள் 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தோடு ஓய்ந்தன.

இங்கே ஒரு சுழல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சந்திப்புகள் அரிதானால் குழந்தைக்குத் தாய் அந்நியராகிறார். சந்திப்புக்குப் பிறகு குழந்தை அமைதியிழக்கிறது. அந்த அமைதியின்மையே உறவை மேலும் குறைப்பதற்கான சான்றாக நீதிமன்றத்தில் வைக்கப்படுகிறது. அரசு முதலில் எடுத்த முடிவின் விளைவு, அடுத்த முடிவுக்குக் காரணமாகிவிடுகிறது.

[திரையில்: ஸ்ட்ராஸ்பூர், 10 செப்டம்பர் 2019]

தாய் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினார். 2017இல் ஏழு நீதிபதிகளில் நால்வர் நார்வேயின் பக்கம் நின்றனர், மூவர் மாறுபட்டனர். வழக்கு 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வுக்குச் சென்றது. அங்கே 13 பேர், குடும்ப வாழ்க்கைக்கான மதிப்பைக் காக்கும், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தனர். குழந்தையின் நலன் முதன்மையானது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அவர்கள் குறை கண்டது, முடிவை எட்டிய வழியில்தான். அத்தனை குறைவான சந்திப்புகளிலிருந்து தாயின் திறனைப் பற்றிச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. அவை சரியாக அமையாதபோது வேறு ஏற்பாட்டை முயன்று பார்க்கவும் பெரிதாக எதுவும் செய்யப்படவில்லை. இதற்கிடையே தாய் திருமணமாகி இன்னொரு குழந்தையையும் பெற்றிருந்தார். அப்படியிருந்தும் அவரது திறனைப் பற்றிப் புதிய நிபுணர் மதிப்பீடு கோரப்படவில்லை. மூன்று வாரத்திலிருந்தே வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் சிறுவன் ஏன் இன்னும் எளிதில் பாதிக்கப்படுபவனாக இருக்கிறான் என்பதும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

தாய்க்கு 25,000 யூரோ இழப்பீடு கிடைத்தது, மகன் கிடைக்கவில்லை; தத்தெடுப்பை ரத்து செய்யும் அதிகாரம் ஸ்ட்ராஸ்பூருக்குக் கிடையாது.

[திரையில்: ஓஸ்லோ, 27 மார்ச் 2020]

நார்வேயின் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் மூன்று தீர்ப்புகளை வழங்கித் தன் நாட்டு நடைமுறையைத் திருத்திக்கொண்டது. அரசுப் பொறுப்பு என்பது இயன்றவரை தற்காலிகமே. குடும்பத்தை மீண்டும் சேர்ப்பதே தொடக்க நோக்கம். ஆகவே சந்திப்புகளின் எண்ணிக்கையை வழக்கமான ஓர் அளவுகோலால் அளக்காமல், அந்தந்தக் குழந்தையின் நிலையைப் பார்த்து வகுக்க வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இடைவெளி விடுவதானால் அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும். சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு தரும் நிலையில் அதை மறுக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் அப்படியே இருக்கிறது. புதிய குழந்தை நலச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

[திரையில்: 10 டிசம்பர் 2021]

இன்னொரு வழக்கு, என் பார்வையில், முதலாவதைவிட நுட்பமானது. சோமாலியாவிலிருந்து அகதியாக வந்த இளம் தாயின் மகன் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் வளர்க்கப்பட்டு, பிறகு அவர்களுக்கே தத்துக் கொடுக்கப்பட்டான். அவன் அந்தக் குடும்பத்தோடு ஒன்றிவிட்டதை உணர்ந்த தாய், அவனைத் திருப்பித் தரும்படி நார்வேயின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கேட்கவே இல்லை. தன் பண்பாட்டோடும் இஸ்லாமிய மார்க்கத்தோடும் அவனுக்குள்ள தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க, தத்தைத் தடுத்துச் சந்திப்பை மட்டும் அனுமதிக்கும்படி கேட்டார். பேரமர்வின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றனர்.