படிக்கப் போனவரின் நாற்காலியில் யார் உட்காருவது?

வணக்கம்.

நூலகத்துக்கு நிதி என்று பேச்செடுத்தால் சட்டென்று நினைவுக்கு வருவது கட்டடம், புத்தகம், அலமாரி, கணினி. இவற்றுக்குக் கேட்டால் கொடுக்க ஆள் உண்டு. திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். நூலகரைப் பயிற்சிக்கு அனுப்பப் பணம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "பட்டம் வாங்கிவிட்டுத்தானே வேலைக்கு வந்தார், இன்னும் என்ன பயிற்சி?" என்பார்கள். பல வருடமாக நூலகத் துறையில் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. சிறு அட்டைகளில் எழுதிப் புத்தகப் பட்டியல் போடப் படித்து வந்தவர் கையில் இன்று கணினிப் பட்டியலும் மின்னிதழும் இருக்கின்றன. வேலை மாறிவிட்டது. பழைய பட்டம் மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

இது புதிய பிரச்சினையும் இல்லை. எஃகுத் தொழிலில் சம்பாதித்த ஆண்ட்ரூ கார்னகி 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊர் நிர்வாகம் ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஒதுக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. நல்ல நிபந்தனைதான், ஆனாலும் ஒன்று விட்டுப்போயிற்று. 1916இல் கார்னகி அறக்கட்டளைக்காக ஆல்வின் ஜான்சன் என்ற பொருளியல் அறிஞர் இந்த நூலகங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். கட்டடம் இருக்கிறது, நடத்தத் தெரிந்த ஆள் போதவில்லை என்பது அதன் சாரம். சீக்கிரமே கட்டட நிதி நின்றது. நூலகர் பயிற்சிப் பள்ளிகளை ஆராய்ந்து சார்லஸ் வில்லியம்சன் எழுதிய அறிக்கை 1923இல் வந்தது. நூலகக் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நடக்க வேண்டும் என்றார் அவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகவியல் உயர்கல்விப் பள்ளி தொடங்க அறக்கட்டளையே பணம் போட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1919இல் நூலகர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் கார்னகியின் பிரிட்டிஷ் அறக்கட்டளை தந்த நிதியால்தான். ஐந்து வருடம் கழித்து அந்தப் பள்ளிக்கு ஒரு கணித ஆசிரியர் வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகத் தேர்வாகியிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த வேலை அவருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. லண்டனில் பிடித்துப்போனது. ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டி வெவ்வேறு பொம்மை செய்வது. அங்கேதான் அவருடைய நூல் பகுப்பு முறைக்கு வித்து விழுந்தது. திரும்பி வந்தவர் 1929இல் மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். பிற்காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, நூலகவியலுக்குப் பேராசிரியர் இருக்கை அமைக்கச் சொல்லி, மனைவி சாரதா பெயரில் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்.

அமெரிக்காவில் 2003இல், அப்போதைய அதிபரின் மனைவி லாரா புஷ் பெயரால் ஒரு நிதித் திட்டம் வந்தது. அந்த அம்மா நூலகவியல் படித்து நூலகராக வேலை பார்த்தவர். முதுநிலை மாணவர்களுக்கு உதவித்தொகை, பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி, அப்புறம் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் பணம். எனக்குப் பிடித்தது கடைசியில் சொன்னதுதான். நாளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் சில காலம் இருந்தேன். செலவுப் பட்டியலில் பயிற்சிக் கட்டணம் இருக்கும், பயணம், தங்குமிடம் எல்லாம் இருக்கும். அந்த நாட்களில் நூலகத்தை யார் திறப்பது என்பது மட்டும் இருக்காது. ஒருமுறை நாங்கள் நிதி கொடுத்து, ஒற்றை ஆளாக ஒரு நூலகத்தை நடத்தும் ஓர் அம்மாவைப் பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். பிறகு நேரில் போனபோது, கதவில் அவர் ஒட்டிவிட்டுப் போன காகிதம் பாதி கிழிந்து அப்படியே இருந்தது. "நூலகர் பயிற்சிக்குச் சென்றுள்ளார்." உள்ளே திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் மேஜை மேலும் தரையிலுமாகக் குவிந்து கிடந்தன. "இதையெல்லாம் அடுக்கி முடிப்பதற்குள் அங்கே படித்தது பாதி மறந்துவிட்டது சார்" என்றார். குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். அழகான கையெழுத்து. மூன்றாம் நாளுக்குப் பிறகு எழுதியதைத் திருப்பிப் பார்க்கவே நேரமில்லை என்றார். அந்த விண்ணப்பத்துக்கு ஒப்புதல் போட்டவர்களில் நானும் ஒருவன். மாற்று ஆள் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எந்த விண்ணப்பம் வந்தாலும் நான் முதலில் தேடியது இரண்டைத்தான். ஒன்று, மாற்று ஆளுக்குச் சம்பளம். இன்னொன்று, திரும்பி வந்தபின் சில மாதங்களுக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது, படித்ததைச் செய்து பார்க்க ஒதுக்கிய நேரம். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆளும் இருந்தால் இன்னும் நல்லது. இவை இல்லாத பத்து பயிலரங்குகளுக்குக் கொடுப்பதைவிட, இருக்கிற மூன்றுக்குக் கொடுக்கலாம் என்று வாதாடியிருக்கிறேன். சான்றிதழ் எத்தனை வழங்கினோம் என்ற கணக்கு அதனால் குறையும். குறையட்டும்.

விண்ணப்பம் எழுதப்போகிற நூலகர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், செலவுப் பட்டியலின் முதல் வரியில் மாற்று ஆளின் சம்பளத்தை எழுதுங்கள். இது எதற்கு என்று கேட்டால், கதவில் ஒட்டிய அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

வணக்கம்.