ஃபேர் என்றால் நிறமா, நியாயமா?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் தெரியாதவர்கள் இருக்க மாட்டோம். நாம் மாதாமாதம் அரிசி, சர்க்கரை வாங்கும் ரேஷன் கடை இருக்கிறதே, 'நியாய விலைக் கடை', அதை ஆங்கிலத்தில் ஃபேர் பிரைஸ் ஷாப் என்பார்கள். கல்யாணத் தரகரோ, "பொண்ணு நல்ல ஃபேருங்க" என்று ஆரம்பிப்பார். ஊர்ப்பெயரிலும், விலையிலும், பெண்ணின் நிறத்திலும் ஒரே சொல் எப்படி வந்து உட்கார்ந்தது?

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அழகானது, மனதுக்கு இனியது என்றுதான் பொருள். அதன் உறவு மொழியான காத்திக்கில் இதே வேரிலிருந்து வந்த சொல்லுக்குப் 'பொருத்தமானது' என்று அர்த்தம். அழகானது என்பது மெல்ல மாசுமறு இல்லாதது என்றாயிற்று. பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இரண்டு வைத்திருந்தோமே, அடித்தல் திருத்தல் இல்லாத அந்த நோட்டில் இருப்பது இந்தப் பொருள்தான். கறையில்லாத எழுத்தைச் சொன்ன வாய், கறையில்லாத நடத்தையையும் அப்படியே சொல்லிவிட்டது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஓரவஞ்சனை இல்லாதது, நியாயமானது என்ற பொருளில் எழுதிவிட்டார்கள்.

வெளிர் நிறம் என்ற பொருள், அழகுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு எது அழகாகப் பட்டதோ அது சொல்லில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். நம்மிடம் அது பசையாகவே ஒட்டிவிட்டது. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி என்று விற்பனைக்கு வந்த கிரீம், 2020இல்தான் பெயரிலிருந்து ஃபேரை எடுத்து குளோ அண்ட் லவ்லி ஆனது. டியூப் மாறியது, தரகர் இன்னும் மாறவில்லை!

ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. "பொண்ணு நல்ல செவப்பு" என்கிறோம். கேட்பவர் யாரும் மிளகாய்ப் பழ நிறத்தை நினைப்பதில்லை. நம் 'செம்மை'க்குள்ளும் சிவப்பு, அழகு, நேர்மை எல்லாம் இருக்கின்றன. செங்கோல் சிவப்புக் கோல் அல்ல, வளையாத கோல், வளைந்தால் கொடுங்கோல். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில், 118ஆம் குறளில், துலாக்கோல் போல ஒரு பக்கம் சாயாமல் இருப்பதைச் சான்றோர்க்கு 'அணி' என்கிறார். நியாயத்தை நகையாகவே பூட்டிவிட்டார் பாருங்கள். எனக்கு இந்த இடத்தில் ஆங்கிலச் சொல்லைவிட வள்ளுவர் பிடித்த பிடிதான் பிடித்திருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சந்தை, திருவிழா என்ற பொருளில் வரும் ஃபேர் இந்தக் குடும்பமே இல்லை. அது விடுமுறை நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் கேட்கும் ஃபேருக்கு எழுத்தே வேறு. பயணம் போவதைக் குறித்த பழைய ஆங்கில வினை அது. காதுக்கு மூன்றும் ஒன்றுபோல் கேட்கும். அகராதியில் தேடும்போது பக்கம் மாறிப் போய்விடாதீர்கள். வணக்கம்.