நூறு டாலர் வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு?

அவையோருக்கு வணக்கம்.

பதினாறு வயதுப் பையனின் புத்தகப் பையில் மின்சிகரெட் அகப்படுகிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அவனைத் தொடுவதில்லை. 2019 டிசம்பரில் புகையிலைப் பொருள் விற்பனைக்கான வயது வரம்பை 18இலிருந்து 21ஆக உயர்த்தியபோதும் அது விற்றவரை மட்டுமே பிடித்தது. வைத்திருந்தவனைத் தண்டிப்பது மாநிலச் சட்டம். டெக்சசை எடுத்துக்கொள்வோம். அங்கே உச்ச அபராதம் 100 டாலர். வழக்கு நகராட்சி நீதிமன்றம் போன்ற கீழ் நீதிமன்றத்துக்குப் போகும். அது அங்கேயே இருக்கட்டுமா, சிறார் நீதிமன்றத்துக்குப் போகட்டுமா என்பதே கேள்வி.

சின்னக் குற்றத்துக்குச் சின்ன நீதிமன்றம் போதாதா என்று கேட்பீர்கள். இடறல் அங்கேதான். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கால்ட் தீர்ப்பு, காவலில் வைக்கக்கூடிய சிறார் வழக்குகளில் வசதியற்ற பிள்ளைக்கு அரசே வழக்கறிஞர் அமர்த்த வேண்டும் என்றது. அபராதம் மட்டுமே உள்ள வழக்கில் அந்தக் காப்பு இல்லை. 'ஆமாம், என்னுடையதுதான்' என்று பையன் சொன்னால் தீர்ப்பு முடிந்தது.

அதன் பிறகுதான் மின்சிகரெட், புகையிலை பற்றிய விழிப்புணர்வு வகுப்பு. வகுப்பு எட்டாத ஊரில் 8 முதல் 12 மணி நேரச் சமூகப் பணி. முதல் முறை பிடிபட்டவன் அதை முடித்தால் வழக்கு தள்ளுபடி. முடிக்காதவனோ குற்றவாளியாகவே நிற்கிறான். நீதிமன்றக் கட்டளையை மீறினால் 500 டாலர் வரை நீதிமன்ற அவமதிப்பு அபராதம் விழலாம், அல்லது அவன் சிறார் நீதிமன்றத்துக்கே அனுப்பப்படலாம். எந்த நீதிமன்றத்தைத் தவிர்க்க நினைத்தோமோ, அதன் வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறோம்!

என் முடிவு இது: வழக்கு கீழ் நீதிமன்றத்திலேயே இருக்கட்டும், வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் வகுப்பு, அதை முடிக்காதவனிடம் மட்டும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேளுங்கள். அவமதிப்பைக் காட்டிச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழியை அடைத்துவிடுங்கள்.

பள்ளி நிர்வாகிகள் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. மின்சிகரெட் குப்பியில் இருப்பது நிகோட்டினா, கஞ்சாவிலிருந்து எடுத்த டிஎச்சி எண்ணெயா? பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எண்ணெயென்றால் டெக்சசில் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்றம். பதினாறு வயதுப் பையன் சிறார் நீதிமன்றத்துக்குப் போவான். பதினேழு நிறைந்தவனை அந்த மாநிலம் குற்ற வழக்கில் வயதுவந்தவனாகவே கொள்கிறது; அவன் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிற்பான். ஆகவே ஆய்வகம் சோதித்துச் சொல்லும் வரை குற்றப் பெயரை எழுதாதீர்கள்.