மிட்சோமரில் நிலம் யாருக்கு?

வணக்கம். 'மிட்சோமர் மர்டர்ஸ்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதுமே முன்வரிசையில் இருவர் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வேண்டியதுதான். கதைகள் நடப்பதாகச் சொல்லும் மிட்சோமர் என்று இங்கிலாந்தில் ஒரு மாவட்டமே கிடையாது. இருந்திருந்தால் இந்நேரம் அங்கே ஆள் மிஞ்சியிருக்காது. 1997 மார்ச்சில் ஐடிவி சேனலில் தொடங்கியதிலிருந்து கதைக்கு இரண்டு மூன்று பிணமாவது விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு கதையில் பெரிய சீஸ் உருளையே கொலை ஆயுதம். இன்னொன்றில் ஆளைப் புல்தரையோடு சேர்த்துக் கட்டிப்போட்டு, கவண்பொறியால் ஒயின் பாட்டில்களை எறிகிறார்கள்.

எப்படிக் கொல்கிறார்கள் என்பது வேடிக்கைக்கு. எதற்காகக் கொல்கிறார்கள் என்று பாருங்கள். உயில், வீடு, தோப்பு, விற்கப்போகும் வயல், மறைத்து வளர்த்த வாரிசு. நம் வார்த்தையில் சொன்னால் பாதிக்கு மேல் பங்காளிச் சண்டை. ஊர் மட்டும்தான் கற்பனை, சண்டை கற்பனை இல்லை என்பது என் கட்சி.

இதற்கு ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1947-இல் வந்த நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு, நிலம் சொந்தமாக இருந்தாலே வீடு கட்டிவிட முடியாது. உள்ளாட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். விளைநிலமாகவே கிடந்தால் ஒரு விலை; வீடு கட்டலாம் என்று தாள் வந்துவிட்டால் அதே மண்ணுக்குப் பல பத்து மடங்கு. அனுமதி கிடைத்தால் ஒருவன் கோடீஸ்வரன். பக்கத்து வீட்டுக்காரனுக்கோ ஜன்னல் வழியே தெரிந்த பச்சை போச்சு, வீட்டின் விலையும் இறங்கியது. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் உட்கார வேண்டும். கதாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

படப்பிடிப்பு பெரும்பாலும் பக்கிங்ஹாம்ஷர், ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் பக்கத்துக் கிராமங்களில். காஸ்டன் என்ற நகரமாக நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தேம்ஸ் கரையிலுள்ள வாலிங்ஃபோர்ட். அந்த வட்டாரத்தின் சில்டர்ன் குன்றுகள் 1965 முதல் எழில் மிகுந்த நிலப்பகுதி என்று பாதுகாக்கப்பட்டவை. லண்டனுக்கு ரயிலில் போய் வரும் தூரம். புதிதாகக் கட்ட விடமாட்டார்கள், வாங்க ஆள் வரிசையில் நிற்கும். ஓலைக்கூரை வீடு ஏழையின் வீடாக இருந்த காலம் அங்கே மலையேறிவிட்டது.

பணம் வராத இடத்தில் கௌரவம் வருகிறது. ஊர் மன்றம், அதாவது பாரிஷ் கவுன்சில், 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதிகாரம் சொற்பம், அதில் உட்கார்ந்தவரின் மிடுக்கு அதிகம். மிகச் சிறந்த கிராமம் எது என்ற போட்டியை வைத்து 2000-இல் ஒரு கதை வந்தது. அதில்தான் அப்போது புதுமுகமாக இருந்த ஆர்லாண்டோ ப்ளூம் வைக்கோல் கவைக்கு இரையானார். தேவாலய மணி அடிப்பவர்களை வைத்தும் ஒரு கதை. அங்கே மணி அடிப்பது பெரிய கணக்கு. ஆறு மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடித்தால், ஒருமுறை வந்த வரிசை மறுபடி வராமல் 720 வகை. அதற்கும் குழு, போட்டி, பொறாமை எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது வாசகர் வட்டக் கதை. புத்தகம் படிக்கிறோம் என்று கூடிய பெண்மணிகள் உண்மையில் பங்குச்சந்தையில் பணம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை என்று நம்புகிறேன்.

சரி, வேலிக்கு உள்ளே யாரை விட்டார்கள்? இந்தக் கேள்வி 2011-இல் தொடரின் மீதே திரும்பியது. தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே ஒரு பேட்டியில், இது ஆங்கிலத்தன்மையின் கடைசிக் கோட்டை, சிறுபான்மை இனத்தவரைக் கொண்டுவந்தால் சரிப்படாது என்ற பொருளில் பேசினார். அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், பிறகு அவரே விலகினார். கிராமத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று சிலர் அவருக்காக வாதாடினார்கள். வாரம் ஒரு சீஸ் கொலையை நம்பச் சொல்லும் தொடர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யதார்த்தம் பேசியது எனக்கு ஏற்கவில்லை. அப்புறம் ஆட்கள் மெல்ல மாறினார்கள். 2016-இல் பிணப் பரிசோதனை மருத்துவர் காம் கரிமோராக மஞ்சிந்தர் விர்க் வந்தார். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் கூலி வேலை செய்பவர் இன்றும் இந்தத் தொடரில் பெரும்பாலும் தோட்டக்காரராகவோ, மதுக்கடைப் பணியாளராகவோ, முதலில் சந்தேகப்படும் ஆளாகவோதான் வந்து போகிறார். தோட்டக்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது: ஜான் நெட்டில்ஸ் 2011-இல் விலகியதும், அவர் நடித்த துப்பறியும் அதிகாரி டாம் பார்னபியின் ஒன்றுவிட்ட சகோதரனாக, ஜான் பார்னபி என்ற பெயரில் நீல் டட்ஜன் வந்தார் இல்லையா? அந்த டட்ஜனே 2000-இல் ஒரு கதையில் தோட்டக்காரராக வந்தவர். மிட்சோமரில் யாருக்கும் அது நினைவில்லை.

எங்கிருந்து பார்ப்பது என்று கேட்பீர்கள். முதல் கதையான 'பேட்ஜர்ஸ் ட்ரிஃப்ட் கொலைகள்' போதும். கரோலின் கிரஹாம் 1987-இல் எழுதிய நாவலுக்கு ஆன்டனி ஹோரோவிட்ஸ் திரைக்கதை எழுதியது. அபூர்வமான ஆர்க்கிட் பூவைத் தேடிக் காட்டுக்குள் போன முதியவள் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறாள், பிறகு வீட்டில் இறந்து கிடக்கிறாள். இயற்கை மரணம் என்று டாக்டர் சொல்ல, தோழி ஒருத்தி மட்டும் விடாப்பிடியாகப் போலீசிடம் போகிறாள். கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் பிணப்பெட்டி வியாபாரம் செய்யும் ரெயின்பேர்ட் என்ற மகனும் அவன் அம்மாவும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் ஒரு கண் வையுங்கள்.