வென்ற நாளும் பதவியேற்கும் நாளும்

வணக்கம் நண்பர்களே. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு அருகே தாமிரபரணிக் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். காற்று பலமாக வீசுகிறது. குரல் இடையிடையே மங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு டீக்கடையில் அண்ணாச்சி ஒருவர் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி என்னிடம் கேட்டார்: "ஓட்டு எண்ணி சர்டிபிகேட் கையில வாங்கிட்டா அன்னைக்கே தலைவர்தானே? பொறவு எதுக்குப் பதவிப் பிரமாணம்?" மாலையும் வேட்டும் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சான்றிதழ் நீங்கள் வென்றீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. உறுதிமொழி ஏற்ற பிறகுதான் மன்றத்தில் அமரவும், வாக்களிக்கவும், தலைவர் என்று கையெழுத்திடவும் முடியும்.

நம் மாவட்டத்தின் கதையையே பாருங்கள். மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் திருநெல்வேலியும் தென்காசியும் உட்பட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. நமக்கு 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் வாக்குப்பதிவு நடந்து, 12ஆம் தேதி எண்ணிக்கை நடந்தது. பதவியேற்பு 20ஆம் தேதி. துணைத் தலைவர், ஒன்றியத் தலைவர் முதலியோருக்கான மறைமுகத் தேர்தல்கள், அதாவது மக்கள் அல்லாமல் உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவை, 22ஆம் தேதி. நகர்ப்புறத்திலும் இதே வரிசைதான்: 2022 மார்ச் 2 அன்று மாமன்ற (மாநகராட்சி மன்ற) உறுப்பினர்கள் பதவியேற்றார்கள், மார்ச் 4 அன்று மேயர் தேர்வு நடந்தது. மறைமுகத் தேர்தலில் வாக்களிப்பவர் உறுப்பினராக இருக்க வேண்டும், உறுப்பினராகச் செயல்பட முதலில் உறுதிமொழி ஏற்றிருக்க வேண்டும் என்பதால்தான் இந்த முன்பின் வரிசை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், 20ஆம் தேதி பதவியேற்ற தலைவர்கூட 22ஆம் தேதி வரை தமக்கொரு துணைத் தலைவருக்காகக் காத்திருந்தார் என்பது விளங்கும்.

மேயருக்கு இரண்டு முறை பதவிப் பிரமாணம் ஏன் என்றும் கேட்கிறார்கள். வார்டு உறுப்பினர் பதவி வேறு, மேயர் பதவி வேறு. ஒன்றுக்கு ஏற்ற உறுதிமொழி மற்றொன்றுக்குச் செல்லாது. 2024 ஆகஸ்ட் 5 அன்று நம் மாநகராட்சிக்குப் புதிய மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினராக இருந்தவர்தான். இருந்தாலும் மேயராகத் தனியே பதவியேற்றார்.

இந்த உறுதிமொழி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் அமைச்சர், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி ஆகியோருக்கான வாசகங்கள் உண்டு. ஊராட்சித் தலைவருக்கு அங்கே இடமில்லை. அது மாநிலச் சட்டத்தின் வேலை. ஊரகத்திற்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம்; நகரத்திற்கு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம். கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதி கூறலாம். இரண்டும் ஒரே எடைதான்.

ஊராட்சிச் செயலரும் கிராம நிர்வாக அலுவலரும் ஜனவரி 30 அன்று தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுப்பதைப் பார்த்துவிட்டு, அதையும் பதவிப் பிரமாணம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வேறு. அவர்கள் நியமன ஆணையால் வந்தவர்கள், தேர்தலில் வென்று வந்தவர்கள் அல்ல.

இன்னொன்று, சற்று மனத்தாங்கலோடு சொல்கிறேன். மனைவி வென்றிருக்க, கணவர் நாற்காலியில் உட்காரும் ஊர்கள் நம் பக்கத்திலும் உண்டு. மேடையேறி, தன் பெயரைச் சொல்லி உறுதிமொழி ஏற்றவர் அந்த அம்மாள். அவருடைய கணவரைச் சட்டம் அறியாது.

கடைசியாக, தாமதமாகப் பதவியேற்றால் பதவிக்காலம் நீளுமா என்ற கேள்வி. நீளாது. ஐந்து ஆண்டு என்பது மன்றத்தின் முதல் கூட்டத்திற்குக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது. இடைத்தேர்தலில் வருபவரும் புதிதாக உறுதிமொழி ஏற்க வேண்டும். ஆனால் அவருக்குக் கிடைப்பது, முன்னவர் விட்டுச் சென்ற மிச்சக் காலம் மட்டுமே.