போனைப் பிடுங்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் இணையத்தை எப்படிப் பாதுகாப்பாக, முறையாகப் பயன்படுத்தலாம் என்று பேச வரும்படி நாகர்கோவில் வானொலி நிலையத்தார் கேட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் என்றார்கள். நாற்பத்தைந்து நிமிட வகுப்புக்குப் பழகிய வாய் இது, மணியடித்தால்தான் நிற்கும். பார்க்கலாம்.

நான் அறிவியல் ஆசிரியை. குளச்சலுக்கும் கருங்கலுக்கும் இடையில் கடலோரப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கம்ப்யூட்டர் அறையின் சாவி என் கைக்கு வந்தது தற்செயல். அந்தத் துருப்பிடித்த பூட்டை என்னைத் தவிர யாராலும் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்படித் தொடங்கியது இந்தப் பாடம்.

முதல் வகுப்பிலேயே எனக்கு அடி விழுந்தது. "பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது" என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சொல்லவே வேண்டாம் டீச்சர், எங்கள் வீட்டுப் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "எங்கள் வள்ளத்தின் பெயர்தான். முன்னால் பெயிண்டில் எழுதியிருக்கிறதே!" வகுப்பே சிரித்தது. சிரித்த பிள்ளைகளில் பாதிப் பேர் கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதை. வள்ளத்தின் பெயர், அல்லது கடைக்குட்டியின் பெயர், பின்னால் பிறந்த வருடம். கரையில் நின்று பார்க்கிற எவனும் படித்துவிடலாம்.

அன்று பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்ப்பது. மரச்சீனி, ரயில், மூக்குத்தி, பேச்சிப்பாறை என்று. நீளமாக இருந்தால் கண்டுபிடிப்பது கடினம். மனத்தில் படமாக நிற்பதால் மறக்கவும் மறக்காது. நான் இப்போது சொன்னதையே வைத்துவிடாதீர்கள். மாவட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா குவைத்தில். அம்மாவும் பாட்டியும் இவனும் வீட்டில். படிப்பில் நடுத்தரம், பந்து விளையாட்டில் கெட்டிக்காரன். மதியம் சத்துணவில் முட்டை என்றால் முதல் ஆளாக வரிசையில் நிற்பான். ஒரு வாரமாக அந்தப் பையன் முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போகிறான். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆசிரியர்கள் எத்தனை பேர் இருந்தோம்! ஒருவரும் கவனிக்கவில்லை. சமையல் செய்யும் அக்கா கவனித்திருக்கிறார். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மக்களே, முட்டை ஏன் பிடிக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறார். பையன் உடைந்து அழுதுவிட்டான்.

நடந்தது இது. செல்போன் விளையாட்டில் ஒருவன் பழக்கமாகியிருக்கிறான். இரண்டு மாதம் கூடவே விளையாடி, "நீ பெரிய ஆள்டா தம்பி" என்று புகழ்ந்து, பிறகு விளையாட்டில் செலவழிக்க இலவசமாக வைரம் தருகிறேன் என்றிருக்கிறான். அதற்கு அம்மாவின் ஏடிஎம் கார்டில் முன்னால் உள்ள பதினாறு எண், பின்னால் உள்ள மூன்று எண், பிறகு போனுக்கு வரும் ஓடிபி. பையன் அலமாரியைத் திறந்து கார்டைப் பார்த்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். ஓடிபி வந்தது. அதையும் சொன்னான். பதினாலாயிரம் ரூபாய் போய்விட்டது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியையும் இவனே அழித்திருக்கிறான்.

போனதுகூடப் பெரிதில்லை. ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "போனைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு அப்பாவை எப்படிப் பார்ப்பது?" என்றான்.

இந்த மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தனை வீடுகளில் அப்பா வளைகுடா நாட்டில்! தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. ராத்திரி எட்டரை மணிக்கு அந்தச் சின்னத் திரையில்தான் அப்பா வருகிறார், மதிப்பெண் கேட்கிறார், திட்டுகிறார், சிரிக்கிறார். அந்தப் போனைப் பிடுங்குவேன் என்று மிரட்டினால் பிள்ளையின் காதில் அது "அப்பாவைப் பிடுங்குவேன்" என்றுதான் விழும்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன், வடசேரி பஸ் நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமும் சொன்னேன். தவறு நடந்ததாகப் பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள். அன்றைக்கு அடிக்காதீர்கள். கண்டிக்க வேண்டுமானால் அடுத்த வாரம் கண்டியுங்கள். விளையாட்டு நேரத்தைக் குறையுங்கள், படுக்கையறைக்குப் போன் போகாமல் பாருங்கள், அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சொன்னதற்குத் தண்டனை என்று ஆகிவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை சொல்லாது.

ஒன்பது நாள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இப்படிப் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் அதே எண்தான். திருடியவன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று ஓட்டுவான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் வழியில் எங்காவது நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. யாரோ கையில் ரொக்கமாக எடுத்த பிறகு சொன்னால் கஷ்டம். அந்தப் பையனின் பணம் வரவில்லை. ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். தோசை ஊற்றிக்கொண்டே கேட்கிறவர்கள் கரண்டியை வைத்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலண்டர் ஓரம் போதும்.

இந்தக் கதையை, பெயர் சொல்லாமல், வகுப்பில் சொன்னேன். இரண்டு மாதம் நல்லவனாகப் பேசியவன் கெட்டவன் என்று எப்படித் தெரியும் என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "கள்ளக்கடல் மாதிரி டீச்சர்" என்றான். மீனவர் வீட்டுப் பிள்ளை. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே வெகு தூரத்தில் வீசிய புயலில் எழுந்த அலை, நாள் கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் எப்படித் தப்பிப்பது என்று அவனையே கேட்டேன். "எச்சரிக்கை சொன்னால் இறங்கக்கூடாது. கால் நனைக்கக்கூட." ஓடிபி கேட்டாலோ, போட்டோ கேட்டாலோ, "வீட்டில் சொல்லாதே" என்றாலோ அதுதான் எச்சரிக்கை என்று வகுப்பு முடிவு செய்தது. மூன்றாவதுதான் பெரிய எச்சரிக்கை என்பேன் நான்.

அடுத்து ஃபார்வேர்டு. இது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கான பாடம்.

2004 சுனாமி நமக்கு மறக்காது. டிசம்பர் 26. அதற்கு நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி, இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய அரசே எச்சரிக்கை விட்டது. கடற்கரை கிராமங்கள் மறுபடி ஓடின. ஒன்றும் வரவில்லை. அப்போது வாட்ஸப் கிடையாது. அரசு சொன்ன தவறான செய்திக்கே அந்த ஓட்டம். இப்போது யார் வேண்டுமானாலும் எச்சரிக்கை விடுகிறார்கள். உண்மையான எச்சரிக்கை ஹைதராபாத்தில் இருக்கும், கடலைக் கண்காணிக்கும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்திலிருந்து வரும். 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் அங்கே இயங்குகிறது.

2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கிப் போகும் காட்சி. அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிய குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அறிவிப்புப் பலகை காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வதந்தியை அனுப்பியவர்கள் கம்பு எடுக்கவில்லை, கல் எடுக்கவில்லை. விரலால் தொட்டார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? மழைக்காலத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஐப்பசியில் மழை வலுத்ததும் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஆட்சியர் பெயரில் ஒரு படம் வரும். அந்த ஆண்டும் வந்தது. பாதி வகுப்பு மறுநாள் வரவில்லை. வந்த பாதியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள்: "டீச்சர், இதில் தேதி போன வருடத்தது!" அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் எந்தச் செய்தி வந்தாலும் தேதி பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரு பெண் அவளுடைய மாமாவின் குரூப்பில் அவரைத் திருத்திவிட்டுத் திட்டு வாங்கினாள். வாட்ஸப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது. அதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020இல் கட்டுப்பாடு வைத்தார்கள். அம்பைப் பார்த்தால் கை நிற்கட்டும்.

போட்டோ விஷயம். தோழி தூங்கும்போது எடுத்த படம், ஆசிரியர் தும்மும்போது எடுத்த படம், இவற்றைப் பகிர்வது வேடிக்கை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கேட்டுவிட்டு அனுப்பு, இதுதான் என் சட்டம். என் சட்டம் எனக்கும்தான் என்பதால் பள்ளி ஆண்டுவிழாப் படங்களைக்கூடக் கேட்டுத்தான் போட்டேன். சலிப்பான வேலை.

இதைவிடக் கடுமையானது, படத்தை வைத்து ஒருவன் பிள்ளையை மிரட்டுவது. பணம் கொடுக்கக்கூடாது, மேலும் படம் அனுப்பக்கூடாது, உரையாடலை அழிக்கக்கூடாது, அது சாட்சி. பிள்ளை மேல் குற்றமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவையும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படமானால், படத்தை அனுப்பாமலே அதன் விரல்ரேகை போன்ற ஒரு குறியீட்டை மட்டும் கொடுக்கலாம். சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். படம் போனை விட்டு வெளியே போவதில்லை என்பதைப் பிள்ளையிடம் இரண்டு முறை சொல்லுங்கள், அதுதான் அவர்களின் முதல் பயம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். பார்த்து எழுதுவது பற்றித் தனியாக இரண்டு பக்கம் வைத்திருந்தேன். வீட்டுப் பாடத்தை இணையத்திலிருந்து அப்படியே இறக்குவது, செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை கேட்பது, அதில் வரும் பிழைகளைப் பிள்ளைகளைக் கொண்டே பிடிப்பது என்று. வேகமாக ஒன்று மட்டும்: எங்கிருந்து எடுத்தாயோ அதன் பெயரைக் கீழே எழுது. மற்றது இன்னொரு நாள், நிலையத்தார் மறுபடி அழைத்தால்.

அந்தப் பையன் இப்போது மார்த்தாண்டத்தில் டிப்ளமோ படிக்கிறான். போன மாதம் வழியில் பார்த்தேன். சமையல் அக்காவுக்கு வாட்ஸப் வைத்துக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றான்.

பணம் போனால் 1930. பிள்ளைகளுக்கு 1098. வணக்கம்.